கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்த டிக்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் கணினி கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: கிராபிக்ஸ் கார்டை மாற்றினேன், கேம் எல்லாம் பிரமாதமாக ஓடுகிறது, ஆனால் வீடியோ போட்டால் திக்கித் திணறுகிறது, நடுநடுவே பச்சையாக ஒரு பட்டை வந்து போகிறது, என்ன செய்வது? பதில் இரண்டே வரியில் வந்திருந்தது. டிரைவரை (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை) அப்டேட் செய்யுங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் கார்டு பழுது, வாங்கிய இடத்தில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வரியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. இரண்டாவது வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் டாஸ்க் மேனேஜர் பற்றி எழுதியிருப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஏனென்றால் நானும் கிட்டத்தட்ட கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, தெர்மகோலைப் பொருத்தி, பில்லையும் உள்ளே வைத்தாயிற்று. பழுது கார்டில் இல்லை, என்னிடம்தான் இருந்தது என்பது அதற்கு அடுத்த நாள் தெரிந்தது.

நடந்தது இதுதான். கைபேசியில் எடுக்கும் 4கே வீடியோ என் பழைய கார்டில் ஓடவே ஓடாது. குரல் ஒரு பக்கம் போகும், படம் ஒரு பக்கம் போகும். அதற்காகவே புதுக் கார்டு வாங்கினேன், கேம் விளையாடுவது எனக்கு இரண்டாம்பட்சம். மாட்டினேன், டிரைவர் போட்டேன், கேமைத் திறந்தால் கண்ணைப் பறிக்கிறது. சரி என்று அந்தக் கைபேசி வீடியோவைப் போட்டேன். அதே திக்கல். முன்பு எந்த இடத்தில் நின்று நின்று ஓடியதோ அதே இடத்தில், அதே மாதிரி. இதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, பல மடங்கு வேகமான கார்டு போட்டும் ஒரு வீடியோ அச்சுப் பிசகாமல் அதே இடத்தில் திக்குகிறது என்றால், அந்த வேலை கார்டுக்குப் போகவே இல்லை என்று அர்த்தம். அப்போது அது உறைக்கவில்லை. டிரைவரை மூன்று முறை நீக்கிப் போட்டேன், கார்டைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினேன், பவர் சப்ளையைச் சந்தேகப்பட்டேன், விண்டோஸையே புதிதாகப் போடலாமா என்று யோசித்தேன். இரண்டு வார இறுதிகள் போயின.

கடைசியில் ஒரு நண்பர் போனில் ஒரே கேள்விதான் கேட்டார். "வீடியோ ஓடும்போது டீகோட் கிராஃப் எவ்வளவு காட்டுது?" எனக்கு அப்படி ஒரு கிராஃப் இருப்பதே தெரியாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், ஜிபியு (கிராபிக்ஸ் கார்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) என்பதைத் தொட்டால் நான்கைந்து சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். ஒவ்வொரு கட்டத்தின் தலைப்பையும் தொட்டால் எதைக் காட்ட வேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். அதில் ஒன்று வீடியோ டீகோட், அதாவது சுருக்கி வைத்திருக்கும் வீடியோவை விரிக்கும் வேலையைக் கார்டு எவ்வளவு செய்கிறது என்ற கணக்கு. சில கார்டுகளில் அதுவே வீடியோ கோடெக் என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் 10-இல் 2017 அக்டோபரில் வந்த பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது, யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன். பிராசஸர் 96 சதவீதத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. டீகோட் கட்டத்தில் கோடு அடியோடு ஒட்டிக் கிடந்தது, பூஜ்யம். ஆசையாக வாங்கிய கார்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன், பழைய கார்டு வயசாகிப் போய், பிரவுசரில் வீடியோ போட்டாலே திரை கறுத்துப்போகும் ஒரு காலத்தில், எரிச்சலில் ஒரு நாள் பிரவுசரின் செட்டிங்ஸில் போய் ஹார்டுவேர் ஆக்சலரேஷன் (வீடியோ வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் வசதி) என்ற டிக்கை எடுத்துவிட்டிருந்தேன். அதே நாள் அதே கோபத்தில் விஎல்சி பிளேயரிலும் ஹார்டுவேர் டீகோடிங்கை டிசேபிள் என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு அது சரியான வைத்தியம்தான். கார்டு போய்விட்டது, வைத்தியம் மட்டும் தங்கிவிட்டது. டிக்கைப் போட்டு, பிரவுசரை மூடித் திறந்தேன் (மூடித் திறக்காவிட்டால் அது வேலைக்கு வராது), விஎல்சியில் ஆட்டோமேட்டிக் என்று மாற்றினேன். டீகோட் கோடு எழுந்து 18 சதவீதத்தில் நின்றது. பிராசஸர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது. அட்டைப்பெட்டி இன்னும் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது.

இதனால்தான் சொல்கிறேன், கார்டை மாற்றிய பிறகு வரும் வீடியோ தொல்லைகளில் பாதிக்கு மேல் புதுக் கார்டு கொண்டுவந்தவை அல்ல, பழைய கார்டுக்காக நாம் செய்துவைத்த ஏற்பாடுகளின் மிச்சம். பாதிக்கு மேல் என்பது எந்தக் கணக்கெடுப்பும் இல்லை, நானும் நண்பர்களும் பட்ட அனுபவம்தான்.

இதில் அடிப்படையாக ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் லேசு. கேம் ஓட்டும் பகுதியும் வீடியோ ஓட்டும் பகுதியும் கார்டுக்குள் ஒன்றல்ல. வீடியோவை விரித்துக் கொடுப்பதற்கென்றே சிப்பின் ஒரு மூலையில் தனியாக ஒரு சின்னப் பகுதி உண்டு. என்விடியா அதை என்விடெக் என்கிறது, ஏஎம்டி விசிஎன் என்கிறது, இன்டெல் 2011 முதல் தன் பிராசஸருக்குள் வைத்திருப்பதற்கு குயிக் சிங்க் என்று பெயர். ஒரு 4கே படத்தில் 3840-க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்றால் கிட்டத்தட்ட 50 கோடிப் புள்ளிகளைச் சுருக்கத்திலிருந்து விரித்தாக வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. இந்தப் பகுதி அதை அலட்டிக்கொள்ளாமல் செய்துவிடும். அதை எழுப்பாமல் விட்டால் வேலை முழுக்க பிராசஸர் தலையில் விழும், கொஞ்சம் வயசான பிராசஸர் என்றால் திணறும். கேம் நன்றாக ஓடுகிறதே, வீடியோ ஏன் ஓடவில்லை என்று கேட்பது, வீட்டில் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதே, குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்பது மாதிரி.

இன்னொன்று, இந்தப் பகுதிக்கு எல்லா மொழியும் தெரியாது. வீடியோ சுருக்கப்பட்டிருக்கும் முறைகள் பல. 2003-இல் வந்த ஹெச்.264 எல்லாக் கார்டுக்கும் தெரியும். 2013-இல் வந்த ஹெச்இவிசி, விபி9 இரண்டும் கடந்த சில வருடக் கார்டுகளுக்குத் தெரியும். 2018-இல் வந்த ஏவி1 தான் இப்போது தகராறு. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து, அதாவது 2020 முதல், ஏவி1-ஐ விரிக்கும் வசதி வந்தது, 2018-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில் கிடையாது. ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையில் உண்டு, ஆனால் அதே வரிசையில் 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6400 இரண்டிலும் இல்லை. பெரிய எண் போட்ட கார்டு வீடியோவிலும் பெரியது என்று நினைக்கவும் முடியாது. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 980-ஐவிட, சில மாதம் கழித்து வந்த அதன் தம்பி ஜிடிஎக்ஸ் 960 கேமில் பின்தங்கியது, ஆனால் ஹெச்இவிசி வீடியோவை முழுசாகத் தானே விரித்தது தம்பிதான். அண்ணனால் பிராசஸரின் துணையில்லாமல் முடியாது.

அதனால் எந்த வீடியோ திக்குகிறது என்று பார்க்காமல் எதையும் நோண்டக் கூடாது. யூடியூப் என்றால் படத்தின் மேல் வலது கிளிக் செய்து ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் திறந்தால் ஒரு கறுப்புப் பெட்டி வரும். அதில் கோடெக் (வீடியோவைச் சுருக்கிய முறை) என்ற வரி ஏவி01 என்று தொடங்கினால் ஏவி1, விபி09 என்றால் விபி9, ஏவிசி1 என்றால் ஹெச்.264. அதற்கு மேலேயே எத்தனை பிரேம், அதாவது படம், காட்டப்படாமல் விடுபட்டது என்ற கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஏவி1 வீடியோ மட்டும் திக்குகிறது, மற்றதெல்லாம் சுகம் என்றால் உங்கள் கார்டுக்கு அந்த மொழி தெரியாது, அவ்வளவுதான், டிரைவரை நூறு முறை மாற்றினாலும் தெரியப்போவதில்லை. தரத்தை ஒரு படி குறைக்கலாம், அல்லது யூடியூப் கணக்கின் பிளேபேக் அமைப்பில் ஏவி1 பற்றிய தேர்வை மாற்றி விபி9 வரும்படி செய்துகொள்ளலாம்.

நம் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல் என்றால் வேறு கதை. விண்டோஸோடு வரும் பிளேயர் ஹெச்இவிசி வீடியோவைத் திறக்க ஒரு தனி எக்ஸ்டென்ஷன் கேட்கும், அதை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் காசு கொடுத்து வாங்க வேண்டும். கார்டுக்கு ஹெச்இவிசி தெரிந்திருந்தாலும் விண்டோஸ் பிளேயருக்கு அது இல்லாமல் கைகால் ஓடாது. புதுக் கார்டு போட்ட சூட்டோடு விண்டோஸையும் புதிதாகப் போட்டவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள், பழைய விண்டோஸில் அந்த எக்ஸ்டென்ஷன் என்றைக்கோ ஏறியிருக்கும், புதியதில் இருக்காது, பழி கார்டு மேல் விழும். விஎல்சி மாதிரியான பிளேயர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கொண்டுவந்துவிடும். ஆகவே ஒரே ஃபைலை இரண்டு பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் ஓடி ஒன்றில் ஓடாவிட்டால் கார்டு நிரபராதி.

அந்த வாசகர் சொன்ன பச்சைப் பட்டைக்கு வருகிறேன். அது பெரும்பாலும் விரிக்கும் பகுதிக்கும் டிரைவருக்கும் பிளேயருக்கும் நடுவில் எங்கோ கைமாறும் இடத்தில் வரும் சிக்கல். சோதிப்பது எளிது: நான் செய்ததற்கு நேர்மாறாக, ஹார்டுவேர் டீகோடிங்கைத் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள். பச்சை போய்விட்டால் டிரைவரையோ பிளேயரின் அமைப்பையோ சந்தேகப்படலாம், விஎல்சியில் வீடியோ அவுட்புட் என்ற இடத்தில் டைரக்ட்3டி11, டைரக்ட்3டி9, ஓபன்ஜிஎல் என்று மாற்றி மாற்றிப் பார்க்கலாம். பச்சை அப்படியே இருந்தால், அதுவும் எல்லாப் பிளேயரிலும் அதே நொடியில் வந்தால், ஃபைலே கெட்டிருக்கிறது. ஆனால் ஒன்று, சோதித்து முடித்ததும் நிறுத்தியதை மறுபடி போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து என்னை மாதிரி நீங்களும் ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டிவரும்.

டிரைவர் பற்றி உங்கள் பதில் சொன்னது பாதி சரி. அப்டேட் செய்தால் மட்டும் போதாத இடம் ஒன்று உண்டு, ஒரு கம்பெனிக் கார்டிலிருந்து இன்னொரு கம்பெனிக் கார்டுக்கு மாறும்போது. பழைய கம்பெனியின் டிரைவரும் அதன் உப சாமான்களும் உள்ளேயே கிடக்கும். அதைத் துடைக்க டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவச மென்பொருளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதைச் சேஃப் மோடில் (விண்டோஸ் மிக அவசியமானவற்றோடு மட்டும் ஏறும் நிலையில்) ஓட்ட வேண்டும், அதற்கு முன் இணைய இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் நீங்கள் துடைத்து முடிப்பதற்குள் விண்டோஸ் அப்டேட் தானாக ஒரு பழைய டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும். நல்ல கருவிதான், ஆனால் எல்லாரும் எடுத்த எடுப்பில் இதைத்தான் சொல்கிறார்கள், அது எனக்கு ஒப்புதல் இல்லை. அதே கம்பெனியின் கார்டிலிருந்து அதே கம்பெனிக்கு மாறியவர்களுக்கு டிரைவரின் சொந்த நிறுவியில் இருக்கும் கிளீன் இன்ஸ்டலேஷன் என்ற தேர்வே பெரும்பாலும் போதும். பழைய காலத்தில் எல்லா வீடியோவும் ஓடட்டும் என்று அள்ளிப் போட்ட கோடெக் பேக்குகள் இருந்தால் அவற்றை நீக்குவது இதைவிடப் பலன் தரும் என்பது என் கருத்து.

கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். மதர்போர்டில் ஒரு ஹெச்டிஎம்ஐ இருக்கும், கார்டில் ஒன்று இருக்கும். பின்பக்கம் குனிந்து இருட்டில் தடவிச் செருகும்போது கை பழக்கப்பட்ட இடத்துக்கே போகும். மானிட்டரின் கேபிள் கார்டில் இருப்பதில்தான் இருக்க வேண்டும்.

சத்தம் வராத கதை இன்னும் வேடிக்கை. கிராபிக்ஸ் கார்டு தன்னோடு ஒரு ஒலிச் சாதனத்தையும் கொண்டுவருகிறது, ஹெச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் வழியாகச் சத்தத்தையும் அனுப்ப வேண்டுமே. டிரைவர் ஏறியதும் விண்டோஸ் சில சமயம் அதையே முதன்மைச் சாதனமாக வைத்துவிடும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லை என்றால் சத்தம் காற்றில் போகும். அதோடு நின்றால் பரவாயில்லை, படம் சத்தத்தின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது, சத்தம் போகும் வழி குழம்பினால் படமே நின்றுவிடுவதும் உண்டு. யூடியூபில் ஆடியோ ரெண்டரர் எரர் என்று ஒரு வாசகம் வந்து வீடியோ உறைந்து நிற்குமே, அதற்கும் கார்டின் வீடியோப் பகுதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒலிபெருக்கிச் சின்னத்தைத் தொட்டு சரியான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

கட்டணம் கட்டிப் பார்க்கும் படங்களில் மட்டும் திரை கறுப்பு, சத்தம் மட்டும் கேட்கிறது என்றால் அது வேறு ஜாதி நோய். அந்தப் படங்கள் நகலெடுப்பதைத் தடுக்கும் ஹெச்டிசிபி என்ற பூட்டோடு வருகின்றன. கார்டு, நடுவில் இருக்கும் மாற்றி (அடாப்டர்), மானிட்டர் என்று வழியில் இருக்கும் எல்லாரும் அந்தப் பூட்டை மதிக்க வேண்டும், 4கே என்றால் பொதுவாக ஹெச்டிசிபி 2.2 வேண்டும். பழைய கார்டில் விஜிஏ என்ற பழைய அனலாக் இணைப்பு வழியாக ஒரு பழைய மானிட்டரை இணைத்திருந்தவர்கள் இங்கே அடிபடுவார்கள். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து என்விடியா அனலாக் சிக்னலையே விட்டுவிட்டது, டிவிஐ துளை இருந்தாலும் அதில் விஜிஏ வராது. அதனால் ஒரு மாற்றியை வாங்கிப் போடுகிறோம். அந்த விஜிஏ கம்பியில் பூட்டுப் போடவே வழியில்லை, ஆகவே பூட்டிய படம் வராமல் போகலாம், அல்லது குறைந்த தரத்தில் மட்டும் வரலாம். கைபேசி வீடியோவும் யூடியூபும் அதே திரையில் ஜோராக ஓடும். இதற்கு டிரைவர் மருந்தே இல்லை, மாற்றியை நீக்கி நேர்க் கேபிள் போட வேண்டும், அதற்கு மானிட்டரில் துளை இல்லை என்றால் மானிட்டரைத்தான் பார்க்க வேண்டும்.

நிறம் வெளிறிப் போவது, கறுப்பு சாம்பலாகத் தெரிவது, இது பழுதே இல்லை. ஹெச்டிஎம்ஐயில் இணைத்ததும் கார்டு சில சமயம் உங்கள் மானிட்டரை டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரையான வரம்பில் நிறத்தை அனுப்பும், மானிட்டர் 0 முதல் 255 வரை எதிர்பார்க்கும். கார்டின் கண்ட்ரோல் பேனலில் டைனமிக் ரேஞ்ச் என்பதை ஃபுல் என்று மாற்றினால் கறுப்பு கறுப்பாகிவிடும்.

அப்புறம், திரையின் வேகம். இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சினிமா நொடிக்கு 24 படம். மானிட்டர் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும். 60-ஐ 24 வகுக்காது, அதனால் ஒரு படத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. கேமரா மெல்ல ஒரு பக்கமாக நகரும் காட்சியில் அது ஒரு சின்ன நொண்டலாகத் தெரியும். எந்தக் கார்டு போட்டாலும் தெரியும். பழைய கார்டில் எல்லாமே திக்கியதால் இது கண்ணில் பட்டிருக்காது, இப்போது எல்லாம் சரியானதும் இது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, கார்டில் கோளாறு என்று நினைக்கிறோம். 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் ஐந்து முறை, 144-இல் ஆறு முறை என்று சமமாக விழும், நொண்டல் போய்விடும். எனவே புதுக் கார்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் சேர்த்து வாங்கியவர்கள் விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் போய்ப் பாருங்கள், அது இன்னும் 60-லேயே நின்றுகொண்டிருக்கலாம். இரண்டு மானிட்டர் வைத்து ஒன்று 60, ஒன்று 144 என்று ஓட்டினால் ஒன்றில் வீடியோ, ஒன்றில் கேம் என்று வைக்கும்போது திக்கல் வருவதுண்டு. ஒன்றைத் தற்காலிகமாகக் கழற்றிப் பார்த்தால் அதுதான் காரணமா என்று தெரிந்துவிடும்.

ஒரு கணம் திரை மினுக்கிவிட்டு மீள்கிறது, விண்டோக்களை நகர்த்தும்போது வீடியோ சிமிட்டுகிறது என்றால் மல்ட்டிபிளேன் ஓவர்லே என்ற விண்டோஸ் வசதியையும் சந்தேகப்படலாம். அதை நிறுத்துவதற்கான ரிஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் உள் அமைப்புகளை வைத்திருக்கும் இடம்) ஃபைலை என்விடியாவே தன் உதவிப் பக்கத்தில் கொடுத்திருந்தது. ரிஜிஸ்ட்ரியில் கை வைக்கப் பயமாக இருந்தால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், பயப்படுவதில் தப்பில்லை.

சரி, கார்டே பழுதாக இருக்கவே முடியாதா? முடியும். விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, கம்ப்யூட்டர் கண்விழிக்கும் முதல் திரையிலேயே புள்ளி புள்ளியாக நிறம் சிதறினால் அது டிரைவரோ பிளேயரோ செய்த வேலை அல்ல, ஏனென்றால் அப்போது அவர்கள் யாரும் இன்னும் வரவே இல்லை. கேமிலும் கோடு, டெஸ்க்டாப்பிலும் கோடு, வீடியோவிலும் கோடு என்றாலும் அப்படித்தான், மாற்றக் கேளுங்கள். பவர் சப்ளையைச் சந்தேகப்படுபவர்களுக்கும் ஒன்று: வீடியோவை விரிப்பது கார்டுக்கு மிகச் சின்ன வேலை, மின்சாரம் போதாமல் கார்டு விழுவதாக இருந்தால் அது முதலில் கேமில்தான் விழும். கேமில் மணிக்கணக்கில் நிற்கும் கார்டு வீடியோவில் மட்டும் சறுக்கினால் வயரைக் குறை சொல்லாதீர்கள். நடுவில் டிரைவர் மயங்கி விழுந்ததா என்று தெரிய விண்டோஸின் குறிப்பேடான ஈவன்ட் வியூவரில் 4101 என்ற எண்ணைத் தேடலாம். கார்டு இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரைத் தட்டி எழுப்பிவிட்டு அங்கே குறித்து வைக்கும். அந்தக் குறிப்பு வீடியோ போடும்போதெல்லாம் விழுகிறது என்றால் டிரைவரின் முந்தைய பதிப்புக்குப் போய்ப் பாருங்கள், புதியதுதான் எப்போதும் நல்லது என்று யார் சொன்னது?

உங்களிடமும் ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். புதுக் கார்டு வந்தால் நீங்கள் அரைப் பக்கம் எழுதுகிறீர்கள், எந்தக் கேமில் எத்தனை பிரேம் என்று அட்டவணையே போடுகிறீர்கள். அந்தக் கார்டு எந்தெந்த வீடியோ முறையைத் தானே விரிக்கும் என்ற ஒரு வரி அதில் நான் பார்த்ததே இல்லை. கார்டின் அட்டைப்பெட்டியிலும் பெரும்பாலும் அது இருப்பதில்லை, டிராகனும் நெருப்பும்தான் இருக்கின்றன. கேம் விளையாடாமல் வீடியோ பார்க்கவும் வெட்டி ஒட்டவும் மட்டும் கார்டு வாங்குகிறவர்கள் உங்கள் வாசகர்களில் ஏராளம் இருப்பார்கள். ஹெச்.264, ஹெச்இவிசி, விபி9, ஏவி1, இந்த நான்கில் எது உண்டு, எது இல்லை என்று அடுத்த முறை ஒரு வரி சேருங்கள், போதும்.

அந்த வாசகர் இதைப் படித்தால், முதலில் வீடியோவை ஓடவிட்டு டீகோட் கட்டத்தைப் பாருங்கள். கோடு பூஜ்யத்தில் கிடந்தால் பிரவுசரின் டிக்கையும் பிளேயரின் அமைப்பையும் பாருங்கள், மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எதை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அந்தத் தாளைக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். கோடு எழுந்து நின்றும் பச்சைப் பட்டை வருகிறது என்றால் கேள்வி-பதில் பகுதிக்கு மறுபடி எழுதுங்கள், எந்தக் கார்டு, எந்தக் கோடெக், எந்தப் பிளேயர் என்ற மூன்றையும் சேர்த்து.

இப்படிக்கு,
கார்டைத் திருப்பிக் கொடுக்க இருந்த ஒரு வாசகர்